ரோஸ் சோடாவும் ஒரு டம்ளர் தண்ணீரும்

1

இந்தச் சித்திரையோடு நான் கப்பலேறிப் பதினோரு வருஷம் ஆகிறது. நாகப்பட்டினத்தில் ஏறும்போது என்னிடம் ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு ஜெபமாலையும் ஆறு எலுமிச்சம்பழமும் இருந்தன. வாந்திக்கு மோந்து பார்க்க என்று கொடுத்த எலுமிச்சம்பழம் இரண்டாம் நாளே தீர்ந்துபோனது. மற்ற இரண்டும் இன்னும் இருக்கின்றன.

மலாயாவிலிருந்து எழுதுகிறவர்கள் எல்லோரும் ரப்பர் மரத்தையும் மழையையும் பற்றி எழுதித் தீர்த்துவிட்டார்கள். ஈப்போவில் தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியாரம்மாவாக இருக்கும் நான் சோடாவைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம்.

திண்டிவனத்தில் பஸ் ஏறி இறங்கியவர்களில் ரோஸ் சோடா குடிக்காதவர்கள் குறைவு. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, ஈரச் சாக்கு போர்த்திய பெட்டியில், வெளிர் சிவப்பாகக் கோலி பாட்டில்கள் படுத்திருக்கும். வாயருகே கொண்டுபோகும்போதே பன்னீர் மணக்கும். அதைப் போட்டு விற்கிறவன் என் அண்ணன் சவரிமுத்து. பங்குனியில் அவனிடமிருந்து ஒரு காகிதம் வந்தது. அவன் பேசுவதைப் போலவேதான் எழுதுவான்.

'ஆரோக்கியம், எல்லாரும் சொகமா இருக்கறோம். சித்திர ஒண்ணாந்தேதி கடைக்கி முன்னால தண்ணிப் பந்தல் போடலாம்னு இருக்கறேன். நாலு பானை வாங்கிட்டேன். என் கையால தண்ணி மொண்டு குடுக்கப் போறேன். ஊர்ல யாரு குடிக்கறாங்கன்னு பாக்கணும். நீ ஒண்ணும் பயந்துக்காத.'

பயப்படாதே என்று அண்ணன் எழுதினால்தான் எனக்குப் பயம் வரும். தண்ணீர்ப் பந்தல் போடுவதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஊரில் பிறந்தவர்கள். நாங்கள் சேரியில் பிறந்தவர்கள். காணைக்குப் பக்கத்தில். ஜாதிப் பெயரை எழுத வேண்டியதில்லை, சேரி என்றதுமே தெரிந்துகொண்டிருப்பீர்கள். தாத்தா காலத்திலேயே வேதத்தில் சேர்ந்துவிட்டோம். ஞானஸ்நானத் தண்ணீர் எங்கள் தலையில் விழுந்ததே தவிர, எங்கள் கையிலிருந்த தண்ணீரை ஊரார் வாங்கிக் குடித்ததில்லை. ஆனால் எங்கள் கையால் போட்ட சோடாவை மட்டும் ஊரே குடித்தது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

2

அப்பா பண்ணையாள். அண்ணனும் அப்படியே ஆகியிருக்க வேண்டியவன்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்துவிட்டதால் அந்த வேலைக்கு அவன் மனம் ஒப்பவில்லை. இருபது வயதில் விழுப்புரத்துக்கு நடந்தே போனான். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் காதர் பாய் என்பவரின் சோடா கம்பெனி இருந்தது. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு தகரக் கொட்டகை, ஒரு மெஷின், ஒரு கேஸ் சிலிண்டர், பாய், பாயின் இருமல். ஆறாவதாக அண்ணன் சேர்ந்தான்.

கோலி சோடாவைக் குடிக்கத் தெரிந்த பலருக்கு அதை எப்படி அடைக்கிறார்கள் என்று தெரியாது. பாட்டிலில் பாகும் தண்ணீரும் ஊற்றி, மெஷினில் இருக்கும் இரும்புப் பெட்டிக்குள் மாட்டி, கேஸைத் திறந்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துப் பெட்டியோடு சுற்ற வேண்டும். பாட்டில் தலைகீழாகும்போது கண்ணாடிக் கோலி கழுத்துக்கு வந்து விழும். உள்ளே ஏறிய கேஸ் அதை வாயில் இருக்கும் ரப்பர் வளையத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மூடி கிடையாது, தக்கை கிடையாது. சோடா தன் வாயைத் தானே மூடிக்கொள்ளும். சில பாட்டில்கள் பொறுக்காமல் வெடித்துவிடும். அண்ணனின் இடது புருவத்தில் அந்தத் தழும்பு இருக்கிறது.

பாதி நாள் மெஷினைச் சுற்றுவான், பாதி நாள் கூடையோடு பிளாட்பாரத்தில் சோடா விற்பான். அந்த நாளில் ஜங்ஷனில் ரயில் நின்றால் தண்ணீர் ஊற்ற ஆட்கள் வருவார்கள். இந்துக்களுக்கு ஒருவர், முஸ்லிம்களுக்கு ஒருவர். எங்களுக்கென்று யாரும் கிடையாது. இந்துத் தண்ணீர்க்காரர் மனம் வைத்தால் எங்களுக்கும் கிடைக்கும். நாலடி தள்ளி நின்று, குனிந்து, இரண்டு கையையும் குவித்து வாய்க்குக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும். அவர் உயரத்திலிருந்து ஊற்றுவார். பாதி வாய்க்குள் போகும், பாதி முழங்கை வழியாகத் துணியை நனைக்கும். தாகம் தீர்ந்ததா என்று யாரும் கேட்பதில்லை. ஊற்றுகிறவருக்குக் கை வலித்தால் எங்களுக்குத் தாகம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். நானும் அப்படிக் குடித்திருக்கிறேன். புடவை நனைவதுகூடப் பெரிதில்லை. குனிந்திருக்கும்போது ஊற்றுகிறவரின் கால்விரல் மட்டும்தான் தெரியும்.

ஒரு நாள் நெற்றி நிறைய விபூதியோடு ஒரு பெரியவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தண்ணீர்க்காரர் என்ன ஜாதியோ என்று சந்தேகப்பட்டுச் செம்பைத் திருப்பி அனுப்பிவிட்டார். பின்னாலேயே அண்ணன் கூடையோடு போனான். 'ஒண்ணு உடைப்பா' என்றார். அண்ணன் கட்டைவிரலால் கோலியைத் தள்ளிக் கொடுத்தான். அவர் பாட்டிலை உயரப் பிடித்துக் குடித்து முடித்து, நிம்மதியாக ஏப்பம் விட்டார். பக்கத்தில் இருந்தவருக்குப் பொறுக்கவில்லை. இது பாய் கம்பெனி சோடா ஆயிற்றே, போடுகிறவன் இந்தப் பையனாயிற்றே என்று கேட்டேவிட்டார்.

'கேஸ் ஏறிடுத்துன்னா அது ஜலம் இல்லைங்காணும், சோடா. சோடாவுக்கு ஏது தீட்டு?' என்றாராம் பெரியவர்.

அண்ணன் இதை பாயிடம் சொன்னபோது, பாய் சிரித்துச் சிரித்து இருமல் வந்து உட்கார்ந்துவிட்டார். 'அட, நாம தண்ணியில கேஸு ஏத்தறோம்னு நெனச்சிக்கினு இருந்தேன். ஜாதிய எறக்கிக்கினு இல்ல இருக்கறோம்' என்றாராம். வீட்டுக்கு வந்த அண்ணன் இதை மூன்று தடவை நடித்துக் காட்டினான். அம்மா சிரித்தாள், அப்பா சிரித்தார். எனக்கும் அப்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

3

பாய்க்கு இருமல் முற்றியதும் மகளோடு இருக்கப் பட்டணம் போய்விட்டார். போகும்போது, 'நீ எடுத்துக்கினு போ, வேற ஊர்ல வெச்சிக்கோ, சும்மா துருப்பிடிக்க வுட்றாத' என்று மெஷினை அண்ணனுக்கே கொடுத்துவிட்டார். முப்பதுகளின் நடுவில் அது திண்டிவனத்துக்கு மாட்டுவண்டியில் வந்தது, அதோடு நாங்களும் குடிவந்தோம். ஊர்க் கிணற்றில் எங்களால் தண்ணீர் எடுக்க முடியாது. மிஷன் சாமியார் கோயில் தோட்டத்துக் கிணற்றில் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பாட்டில் கழுவுவது என் வேலை. கோலி உள்ளே கிடப்பதால் பிரஷ் போகாது. மணலும் சாம்பலும் போட்டுக் குலுக்க வேண்டும். அந்தக் குலுக்கலில்தான் என் வலது தோள் இன்றைக்கும் வலிக்கிறது என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லி, துணி துவைப்பதிலிருந்து அடிக்கடி தப்பித்துக்கொள்கிறேன்.

பாய் லெமனும் ஜிஞ்சரும் போட்டார். அண்ணனுக்குத் தனக்கென்று ஒன்று வேண்டும். புதுச்சேரி போய் ரோஜா எசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்தான். அளவு தெரியாமல் ஊற்றிவிட்டான். முதலில் குடித்த வண்டிக்காரர் ஒருவர், 'இன்னாப்பா இது, கல்யாண வூட்ல பன்னீர் தெளிக்கறப்போ வாயத் தொறந்துகினு நின்னா மாதிரி இருக்குது' என்றார். கடைத்தெருவே சிரித்தது. அண்ணன் பத்து நாள் சொட்டுச் சொட்டாகக் குறைத்து, ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, அந்தச் சுவையைப் பிடித்தான். முதல் வாய் இனிக்கும், இரண்டாவது மூக்கில் ஏறும், மூன்றாவதில் ரோஜா தெரியும். அந்தக் கோடைக்குள் ரோஸ் சோடா இல்லாமல் திண்டிவனத்தில் விசேஷமே நடக்காது என்று ஆகிவிட்டது. ஜுரம் வந்து எழுந்தவர்களுக்கு அது, பெண் பார்க்க வந்தவர்களுக்கு அது, கோர்ட்டில் வழக்கு ஜெயித்தவர்களுக்கும் தோற்றவர்களுக்கும் அதுதான்.

எங்கள் வீட்டிலும் ஒரு வழக்கம் ஏற்பட்டது. ஊர்க்காரர் யாராவது வேலையாக வந்து வாசலில் நின்றால் முன்பெல்லாம் நாங்கள் ஒன்றும் கொடுக்க முடியாது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாலே அவர்களுக்கும் சங்கடம், எங்களுக்கும் சங்கடம். இப்போது சோடா உடைத்துக் கொடுத்தோம். வந்தவருக்கு ஒன்று கொடுத்து அனுப்புவது என்ன சந்தோஷம் என்று அம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. தாகம் என்று யார் சொன்னாலும் பானைப் பக்கம் போகாதே, சோடாப் பெட்டிப் பக்கம் போ என்று என் கைக்குப் பழக்கமாகிவிட்டது.

பிறகு ஒரு வைகாசியில் அந்தக் கல்யாணம் வந்தது. ஊரில் பெரிய வீடு. மூன்று பெட்டி ரோஸ் சோடா கேட்டிருந்தார்கள். வெயிலில் பாட்டில் வெடிக்காமல் இருக்க வழியெல்லாம் சாக்கை நனைத்துக்கொண்டே போக வேண்டும், அதற்காக நானும் வண்டியில் போனேன். எனக்குப் பதினெட்டு வயது. பெட்டிகளை முன்வாசலில் வைத்தே இறக்கச் சொன்னார்கள். வீட்டு ஆட்கள் வந்து உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். உள்ளே டப்டப்பென்று பாட்டில் உடையும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அன்றைக்கு அவன் முகத்தில் இருந்த பெருமையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

சாப்பாடு முடிந்து வீட்டு அம்மாள் தாம்பூலத் தட்டோடு வெளியே வந்தவர் எங்களைப் பார்த்து நின்றார். 'சவரி, உன் சோடாவாலதான்டா இன்னிக்கி சபையே நெறஞ்சிது. மாப்ள வூட்டுக்காரங்க கேட்டுக் கேட்டுக் குடிக்கறாங்க' என்றார். மனதாரத்தான் சொன்னார்.

அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, 'அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க' என்றான்.

அந்த அம்மாள் முகம் மாறியது. கோபமில்லை. என்ன செய்வதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். கல்யாண நாளில், முன்வாசலில், சம்பந்திகள் பார்க்க, எந்தப் பாத்திரத்தில் யாரை விட்டு ஊற்றச் சொல்வது? சுற்றிலும் பார்த்தார். பிறகு வழி கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தோடு, 'ஏம்பா, அத்தினி சோடா இருக்குதே, அதுலயே ஒண்ண உடைச்சிக் குடியேன்' என்றார்.

'இருக்கட்டுங்கம்மா' என்று அண்ணன் காலிப் பெட்டிகளை எடுக்கப் போய்விட்டான்.

திரும்பும் வழியில் வண்டியில் மிச்சமாக இரண்டு பாட்டில் இருந்தது. நான் ஒன்றை உடைத்து நீட்டினேன். வேண்டாம் என்றான். 'தாகம்னியே அண்ணா' என்றேன். 'எனக்குத் தண்ணி தாகம்' என்றான். மிஷன் கிணறு வந்ததும் வண்டியிலிருந்து இறங்கினான். தண்ணீரை இறைத்து வாளியோடு தூக்கிக் குடித்தான். அதற்குப் பிறகு அந்த பாய் கதையை அவன் நடித்துக் காட்டியதே இல்லை.

4

அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணமாகி ஈப்போ வந்துவிட்டேன். என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. இங்கே காலை ஆறு மணிக்கு, லம்பம் என்கிற ஈயச் சுரங்கத்து மெஷின் சத்தத்தில் எழுந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் அகரம் சொல்லிக்கொடுக்கிறேன். என் மகள் எலிசபெத்துக்குப் பத்து வயது. அவள் கான்வென்டில் ஏபிசி படிக்கிறாள். தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியாரம்மா மகளுக்குத் தமிழ்க் கையெழுத்து படிக்க வராது என்றால் ஊரில் சிரிப்பார்கள், இங்கே யாருக்கும் ஆச்சரியமில்லை. நிலக்கடலையை மல்லாட்டை என்றால் அவளுக்குத் தெரியாது, கச்சாங் என்றால் தெரியும். நான் அவசரத்தில் 'ஜல்தி கெளம்பு' என்றால், 'அது என்ன பாஷை அம்மா?' என்று கேட்கிறாள்.

போன வருஷம் எல்லோருக்கும் அடையாள அட்டை கொடுத்தார்கள். வெயிலில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்று குமாஸ்தா முன்னால் போய் உட்கார்ந்தேன். பிறந்த ஊர் கேட்டார். காணை என்றேன். நாலு தரம் சொல்லியும் அவர் பேனாவுக்கு அது பிடிபடவில்லை. என்னவோ எழுதிக்கொண்டார். அட்டைப்படி நான் பிறந்த ஊர் இந்த உலகத்தில் எங்கும் இல்லை. இனம் கேட்டார், இந்தியர் என்றேன். கட்டைவிரலை மையில் தொட்டு வைக்கச் சொன்னார். நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். அடுத்த கேள்வி ஒன்று வரும் என்று காத்திருந்தேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். வெளியே வந்து சாலையோரம் நின்று கொஞ்சம் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

ஆனால் ஆபீசில் கேட்காததைப் பக்கத்து வீட்டில் கேட்டுவிடுவார்கள். அண்ணனின் காகிதம் வந்த மறுவாரம், எங்கள் வீட்டு வரிசைக்குப் புதிதாகக் குடிவந்த கம்பவுண்டர் வீட்டு அம்மாள் பழகிக்கொள்ள வந்தார். அவரும் திண்டிவனத்துக்காரர். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. 'திண்டிவனத்துல நீங்க எந்தத் தெரு?' என்று கேட்டார். வழியைத் தெரிந்துகொள்ள யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. 'மிஷன் கோயில் பக்கம்' என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டார். பிறகு முந்தானையால் விசிறிக்கொண்டே, 'இன்னா வெயிலு. கொஞ்சம் தண்ணி குடுங்க' என்றார்.

அவர் கேட்டது தண்ணீர். பானை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. என் கை என்ன செய்தது தெரியுமா? கிறிஸ்துமஸுக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த ஆரஞ்சு பாட்டிலை எடுத்துத் தகர மூடியைத் திறந்து நீட்டியது. அவரும் மறுபேச்சில்லாமல் வாங்கிக் குடித்துவிட்டு, குழந்தைகளைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போனார்.

'அம்மா, அந்த ஆன்ட்டி தண்ணிதானே கேட்டாங்க?' என்றாள் எலிசபெத்.

'வெயிலுக்கு இதுதான் நல்லது' என்று பொய் சொன்னேன். அவளுக்கு எதுவும் தெரியாமல் வளர்த்துவிட்டோமே என்று ஒரு பக்கம் எனக்குப் பெருமை. தெரியாமலே போனால் தன் மாமன் யார் என்றும் அவளுக்குத் தெரியாதே என்று இன்னொரு பக்கம் துக்கம். அன்று முழுக்க எனக்கு என் மேலேயே கோபம். அண்ணன் அங்கே நடுத்தெருவில் பானை வைக்கப் போகிறான், நான் இங்கே என் வீட்டுக்குள்ளேயே ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கப் பயந்துவிட்டேன்.

5

நடுவில் யுத்தம் வந்ததை எல்லோரும் எழுதிவிட்டார்கள். நாங்கள் மரவள்ளிக் கிழங்கு தின்றோம், கடுதாசி இல்லாமல் மூன்றரை வருஷம் இருந்தோம். அண்ணன் இருக்கிறானா இல்லையா என்றே தெரியாது. பிறகு தபால் திறந்ததும் அவன் எழுதியதைப் படித்துவிட்டு எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அங்கே சர்க்கரை இல்லை, கேஸ் வரவில்லை, வெளிநாட்டு பாட்டில் நின்றுபோய்விட்டது. அதெல்லாம்கூட சமாளித்துவிட்டானாம். பாட்டில் வாய்க்குப் போடும் ரப்பர் வளையம்தான் கிடைக்கவில்லையாம். என்னைச் சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர் மரம், வாங்குவாரில்லாமல் நின்றுகொண்டிருந்தது. அவன் பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டு ஓட்டியிருக்கிறான்.

'சோடா டயர் நாத்தம் அடிச்சிது. அப்பவும் வுடாம குடிச்சானுங்க' என்று எழுதியிருந்தான். அந்த அளவுக்கு ஊர் அவன் சோடாவை விரும்பியது. அதனால்தான் இப்போது தண்ணீர்ப் பந்தல் என்றதும் எனக்கு ஆத்திரமாக வந்தது. சுதந்திரம் வந்துவிட்டது, சட்டமும் வந்துவிட்டது, எல்லாம் சரி. இருக்கிற மரியாதையை எதற்குப் பணயம் வைத்துப் பார்க்க வேண்டும்? யாரும் குடிக்காவிட்டால் அந்தத் தெருவில் அவன் எப்படித் தலைநிமிர்ந்து நிற்பான்? யாராவது வந்து பானையை உடைத்துவிட்டால்? என் வீட்டுக்காரர், 'உங்க அண்ணனுக்கு வேண்டாத வேலை' என்றார். எனக்கும் அப்படியேதான் தோன்றியது. ஆனாலும் அவர் சொன்னதற்காக அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

6

சித்திரை கடைசியில் காகிதம் வந்தது. எலிசபெத்தைப் பக்கத்தில் உட்காரவைத்து உரக்கப் படித்தேன்.

'பந்தல் போட்டாச்சி. தென்னங்கீத்து, நாலு பானை, அடியில ஈர மணலு. வெட்டிவேரு போட்டிருக்கறேன். மொத நாளு காலையில பஸ்ஸு வந்து நின்னுது. பத்துப் பேரு எறங்கி வந்தாங்க. பானையப் பாத்தாங்க, என்னையப் பாத்தாங்க. "சவரி, ஒரு ரோஸ் சோடா உடை"ன்னாங்க. இன்னா பண்றது, உடைச்சிக் குடுத்தேன். ரெண்டாம் நாளும் அதேதான். சும்மா குடுக்கற தண்ணி வேணாமாம், காசு குடுத்து சோடா குடிக்கறானுங்க. மூணாம் நாளு மெஷின் கொட்டாய்க்குப் பூட்டுப் போட்டேன். சித்திர முடியறவரைக்கும் சோடா கெடையாது, தண்ணிதான்னு அட்டையில எழுதி மாட்டிட்டேன்.'

'நாலாம் நாளு, அஞ்சாம் நாளு ஒருத்தரும் வரல. எதிர் ஓட்டல்காரரு வந்தாரு. "சவரி, உனக்கு ஏன்யா இந்த பேஜாரு? உன் சோடாவ ஊரே குடிக்கறாங்க இல்ல, அது போறாதா?"ன்னாரு. நல்ல மனுஷன்தான். "போறலங்க"ன்னேன்.'

இந்த இடத்தில் நான் நிறுத்தினேன். போறலங்க என்று அவன் சொல்வது எனக்குக் காதில் கேட்டது. கல்யாண வீட்டு வேப்பமரத்தடியில் சொல்லாமல் விட்டதை இத்தனை வருஷம் கழித்துச் சொல்லியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். எலிசபெத், 'அப்புறம்?' என்றாள்.

'எட்டாம் நாளு மத்தியானம் ஒரு பெரியவரு வந்தாரு. விக்கிரவாண்டிப் பக்கத்துலேர்ந்து நடந்தே வந்திருக்கறாரு. தலையில மல்லாட்ட மூட்ட. எறக்கி வெச்சாரு. நான் டம்ளர்ல மொண்டு நீட்டினேன். அவரு வாங்கல. நாலடி பின்னால போயி, குனிஞ்சி, ரெண்டு கையையும் குவிச்சாரு. "ஊத்துங்க சாமி"ன்னாரு.'

எலிசபெத், 'டம்ளர் இருக்கும்போது ஏன் கையைக் குவிக்கிறார்?' என்று கேட்டாள்.

நான் எழுந்து நின்று காட்டினேன். நாலடி தள்ளிப் போய், குனிந்து, கையைக் குவித்து வாய்க்குக் கீழே வைத்துக் காட்டினேன். பதினோரு வருஷமாகியும் கைக்கு மறக்கவில்லை. எங்களுக்கு இப்படித்தான் ஊற்றுவார்கள் என்றேன். மாமாவுக்கும் இப்படித்தான், எனக்கும் இப்படித்தான். அந்தப் பெரியவரும் நம் ஆள். மாமாவின் வெள்ளைச் சட்டையையும் செருப்பையும் பார்த்து, தண்ணீர்ப் பந்தல் வைத்திருக்கிறவன் பெரிய ஜாதிக்காரனாகத்தான் இருப்பான் என்று நினைத்துவிட்டார் என்றேன். அந்த ஆன்ட்டிக்கு ஏன் ஆரஞ்சு கொடுத்தேன் என்பதையும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துப் பிரித்துவிட்டு, காகிதத்தை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

'"ஐயா, நானும் உங்க ஆளுதாங்க. காணைச் சேரி. டம்ளர்லயே குடிங்க"ன்னேன். அவரு நம்பல. நான் வெளையாடறேன்னு நெனச்சிக்கினாரு. யாராவது பாத்துட்டா அடிப்பாங்கன்னு சுத்திமுத்தும் பாக்கறாரு. தொண்ட காஞ்சிப் போயிருக்குது, கைய மட்டும் எறக்க மாட்டன்றாரு. மேல இருந்து ஊத்தினா குடிச்சிட்டுப் போயிருப்பாரு. எனக்குக் கை வரல ஆரோக்கியம்.'

'அப்புறம் நானும் அவருக்கு முன்னால தரையில ஒக்காந்துட்டேன். டம்ளர நடுவுல வெச்சேன். "நீங்க வாய் வெச்சி ஒரு வாய் குடிங்க. மீதிய நான் குடிக்கறேன். அப்ப நம்புவீங்களா?"ன்னேன். ரொம்ப நேரம் என் மூஞ்சியவே பாத்தாரு. அப்புறம் எடுத்தாரு. ஒரே ஒரு வாய் குடிச்சிட்டு நீட்டினாரு. நான் வாங்கி மிச்சத்தக் குடிச்சேன். பஸ்ஸுல இருந்தவனுங்க, ஓட்டல்ல இருந்தவனுங்க, எல்லாரும் பாத்துக்கினு இருந்தானுங்க. பாக்கட்டும்.'

'அவரு துண்டால வாயத் தொடச்சிக்கினாரு. நல்லா சம்மணம் போட்டு ஒக்காந்துகினாரு. "இன்னொரு டம்ளர் குடு தம்பி"ன்னாரு. மூணு டம்ளர் குடிச்சாரு ஆரோக்கியம். மல்லாட்டையில ரெண்டு பிடி அள்ளிக் குடுத்துட்டு, "வர்றேன் தம்பி"ன்னு சொல்லிட்டுப் போனாரு.'

காகிதம் அதோடு முடிந்துவிட்டது. கீழே கையெழுத்தும் எலிசபெத்துக்கு முத்தங்களும்தான். ஊர்க்காரர்கள் யாராவது குடித்தார்களா என்று எழுத அவன் மறந்தே போய்விட்டான். நானும் கேட்டு எழுதவில்லை.